ரிமோட் வேலைய எங்க தேடுறது? தஞ்சாவூர்லேர்ந்து கேட்ட தம்பிக்கு ஒரு நீளமான பதில்

தம்பி, மத்தவங்களுக்கும் புரியணும்னு நீ கேட்டத சுருக்கமா திருப்பி எழுதிடறேன். ஜாவாங்கிற ப்ரோகிராமிங் மொழி, அதுல ஆப் கட்ட ஒதவுற ஸ்பிரிங் பூட், ரெண்டுலயும் 5 வருஷ அனுபவம், பெங்களூரு கம்பெனி, இத்தன நாள் வீட்லேர்ந்தே பாத்துட்டு இருந்த, இப்ப வாரத்துல 5 நாளும் ஆபீஸ் வரணும்னு மெயில் வந்துடுச்சு, அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், அதனால தஞ்சாவூர விட்டு நகர முடியாது, லிங்க்ட்இன்ல 200 இடத்துக்கு மேல அப்ளை பண்ணியும் ஒரு கால் கூட வரல, டெவலப்பர்ங்க எல்லாம் ரிமோட் வேலைய, அதாவது ஆபீஸ் போகாம வீட்லேர்ந்தே பாக்குற வேலைய, எங்கதான் தேடுறாங்கன்னு கேட்டிருக்க. நான் 2017லேர்ந்து பட்டுக்கோட்டைல உக்காந்து வெளிநாட்டு கம்பெனிங்களுக்கு வேலை பாக்குறேன், நடுவுல மூணு கம்பெனி மாறியாச்சு, எனக்குத் தெரிஞ்சத முழுசா எழுதிடறேன், பொறுமையா படி.

மொதல்ல ஒண்ணு சொல்லணும். நீ வேலைய தேடிட்டு இருக்க, ஆனா தேட வேண்டியது இந்தியாவுல இருக்குற ஒருத்தருக்கு சம்பளம் போட வழி வெச்சிருக்குற கம்பெனிய. ஏன்னா ரிமோட்னு போட்டிருக்குற விளம்பரத்துல, நான் பாத்த வரைக்கும், பாதிக்கு மேல அமெரிக்காவுக்குள்ள எங்க வேணா இருக்கலாம்ங்கிற அர்த்தத்துலதான் வரும். அவங்களுக்கு நம்ம மேல வெறுப்பெல்லாம் கிடையாது, ஒரு நாட்டுல ஒருத்தர வேலைக்கு வெச்சா அந்த நாட்டு வரி, பிஎஃப், தொழிலாளர் சட்டம் எல்லாத்தையும் பாக்கணும், அதுக்கு அங்க கம்பெனி பதிவு பண்ணியிருக்கணும், இல்லன்னா டீல், ரிமோட், ஆய்ஸ்டர், மல்டிப்ளையர் மாதிரி நடுவுல நின்னு சட்டப்படி முதலாளியா இருந்து சம்பளம் போடுற சேவைய எடுத்திருக்கணும், ரெண்டும் இல்லன்னா உன்ன ஊழியரா இல்லாம, பில் போட்டு காசு வாங்குற கான்ட்ராக்டரா எடுக்க சம்மதிக்கணும். இந்த மூணுல ஒண்ணு கூட இல்லாத கம்பெனிக்கு நீ எவ்ளோ நல்லா கோட் எழுதினாலும் பிரயோஜனம் இல்ல.

இது எனக்கு பட்டு தெரிஞ்சது. 2019ல ஒரு கம்பெனில அஞ்சு ரவுண்டு முடிச்சு, சம்பளம் வரைக்கும் பேசி முடிச்சப்புறம் அவங்க ஃபைனான்ஸ் டீம் இந்தியாவுல எங்களால ஆள் எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, ஆறு வாரம் போச்சு, அதுக்குள்ள வேற ஒரு ஆஃபர நான் வேணாம்னு சொல்லியிருந்தேன். அன்னிலேர்ந்து யார் கால் பண்ணாலும் மொத அஞ்சு நிமிஷத்துல ஒரு கேள்விய கேட்டுருவேன்: இப்ப உங்க டீம்ல இந்தியாலேர்ந்து வேலை பாக்குறவங்க இருக்காங்களா, அவங்களுக்கு சம்பளம் எந்த வழியா போகுது? பதில் சொல்லத் தெரியலன்னா அங்கயே நிறுத்திக்கறேன்.

ரெண்டாவது நேரக் கணக்கு, உன் வீட்டு நெலமைக்கு இதுதான் ரொம்ப முக்கியம். டயாலிசிஸ் ஒரு தடவைக்கு கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும், காலைல ஷிப்ட் கெடச்சா மதியத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். இப்ப பெர்லின் கம்பெனிய எடுத்துக்க, அவங்களோட 9 மணிலேர்ந்து 5 மணிங்கிறது கோடைல நமக்கு மதியம் 12.30லேர்ந்து ராத்திரி 8.30, குளிர்காலத்துல 1.30லேர்ந்து 9.30. ஒரு காலை ஷிப்ட்டு முழுசும் அப்பா கூட இருந்துட்டு வந்து வேலைல உக்காரலாம். நியூயார்க் கம்பெனி காலைல 9லேர்ந்து மதியம் 1 மணி வரைக்கும் நீ ஆன்லைன்ல இருக்கணும்னு கேட்டா அது நமக்கு சாயங்காலம் 6.30லேர்ந்து 10.30, குளிர்காலத்துல 11.30 வரைக்கும் இழுக்கும், சமாளிக்கலாம், மீதி வேலைய பகல்ல உன் வசதிக்கு பாக்கலாம். கலிபோர்னியா முழு நாள்னா விடிய விடிய முழிக்கணும், மறுநாள் காலைல ஆஸ்பத்திரிக்கு வேற போகணும், அது வேணாம் தம்பி, ஒரு வருஷம் கூட தாங்காது. ஆஸ்திரேலியாவும் சிங்கப்பூரும் நமக்கு முன்னாடி ஓடுற ஊருங்க, காலை நேரம் மொத்தமும் அங்க போயிடும், உனக்கு ஒத்துவராது. அதனால மொதல்ல ஐரோப்பா, ரெண்டாவது எழுத்துலயே வேலைய நடத்துற, மீட்டிங் கம்மியா வெக்கிற கம்பெனிங்க.

இனி எங்கன்னு பாப்போம். பழைய பதில்கள படிச்சா, டெவலப்பர்ங்க கேள்வி கேக்குற சைட்டான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவோட ஜாப்ஸ், கோட் போட்டு வெக்கிற சைட்டான கிட்ஹப்போட ஜாப்ஸ்னு ரெண்டு ஜாப் போர்டு (வேலை விளம்பரப் பக்கம்) மேல வரும், கிட்ஹப் ஜாப்ஸ 2021லயும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவோட ஜாப் போர்ட 2022லயும் மூடிட்டாங்க, அதனால அத சொல்ற பட்டியல் எதையும் நம்பி நேரத்த விடாத. ஏஞ்சல்லிஸ்ட்னு சொல்லியிருந்தா அது இப்ப வெல்ஃபவுண்ட்னு பேரு மாத்தி ஓடுது, ஸ்டார்ட்டப் வேலைங்க, நெறைய விளம்பரத்துல சம்பள வரம்பு போட்டிருப்பாங்க, எந்த நாட்டுலேர்ந்து எடுப்பாங்கன்னும் போட்டிருக்கும், பாக்கலாம்.

எனக்கு நெஜமா வேலை வாங்கிக் குடுத்த இடம் ஹேக்கர் நியூஸ். ஸ்டார்ட்டப்புங்களுக்கு முதலீடு பண்ற ஒய் காம்பினேட்டர் நடத்துற, டெக் ஆளுங்க பேசிக்கிற சைட், அங்க ஒவ்வொரு மாசமும் மொத வேலை நாள்ல நியூயார்க் நேரம் காலைல 11 மணிக்கு ஹூ இஸ் ஹயரிங், அதாவது யார் ஆள் எடுக்குறாங்கன்னு ஒரு த்ரெட் (பல பேர் வரிசையா பதில் போடுற பக்கம்) வரும், நம்ம நேரத்துக்கு கோடைல ராத்திரி 8.30, குளிர்காலத்துல 9.30. இதோட அருமை என்னன்னா அங்க போஸ்ட் போடுறவங்க அந்த கம்பெனில இருக்குறவங்களா இருக்கணும்னு விதி, ஏஜென்சிக்கோ வேற ஜாப் போர்டுக்கோ எடம் கெடையாது, அதனால நெறைய போஸ்ட்ல அந்த டீம்ல கோட் எழுதுறவரோ, சின்ன கம்பெனியா இருந்தா ஆரம்பிச்சவரோ தன் மெயில் ஐடிய நேரா போட்டிருப்பார். பக்கத்த தொறந்துட்டு ரிமோட்ங்கிற வார்த்தைய தேடு, பக்கத்துல யூஎஸ் ஒன்லின்னு இருந்தா தாண்டிப் போ, எங்க வேணா, இல்ல ஐரோப்பிய நேரத்தோட நாலு மணி நேரம் ஒத்துப்போனா போதும்னு போட்டிருக்குறத மட்டும் எடு. அதே நாள்ல வேலை தேடுறவங்க தன்னப் பத்தி எழுதுற இன்னொரு த்ரெட்டும் வரும், அதுலயும் நாலு வரி போட்டு வை.

மெயில் எப்படி எழுதுறதுன்னு கேப்ப. என் ரெண்டாவது வேலைக்கு நான் அனுப்புனது மொத்தமே ஆறு வரி. அவங்க போஸ்ட்ல ஜாப் க்யூ, அதாவது சிஸ்டம் செய்ய வேண்டிய வேலைங்களோட வரிசை, போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் மேல ஓடுது, ராத்திரில தேங்கி நிக்குதுன்னு எழுதியிருந்தாங்க, அதே தொல்லைய நான் பழைய கம்பெனில எப்படி கண்டுபிடிச்சேன், டேட்டாவ பூட்டி வெக்கிற எந்த லாக் காரணம், என்ன மாத்தினேன், மாத்துனதுக்கு அப்புறம் என்ன ஆச்சு, இவ்ளோதான் எழுதினேன், கடைசி வரில என் டைம்சோனும் எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும் இருப்பேன்ங்கிறதும். மறுநாள் பதில் வந்துச்சு. நீ லிங்க்ட்இன்ல போட்ட 200 அப்ளிகேஷனுக்கு எடுத்த நேரத்துல இந்த மாதிரி 20 மெயில் எழுதியிருக்கலாம், உன்ன குத்தம் சொல்லல, நானும் மொத வருஷம் அதத்தான் பண்ணேன், யாரும் சொல்லித் தரல.

அடுத்தது கொஞ்சம் பேருக்குத்தான் தெரிஞ்ச வழி, நான் தினமும் பண்ணது. நெறைய கம்பெனிங்களோட கேரியர்ஸ் பக்கம் அவங்களே கட்டினது கெடையாது, கிரீன்ஹவுஸ், லீவர், ஆஷ்பி, வொர்க்கபிள்னு நாலஞ்சு சாஃப்ட்வேர்லதான் ஓடுது, விளம்பரம் மொதல்ல அங்கதான் ஏறும், ஜாப் போர்டுக்கெல்லாம் அப்புறமாத்தான் வந்து சேரும், சில வேலைங்க வராமலே கூட போயிடும். அதனால கூகுள்ல இங்கிலீஷ்ல சைட்னு (site) அடிச்சு ஒரு கோலன் (:) போட்டு, அந்த சாஃப்ட்வேரோட வேலைப் பக்க முகவரிய ஒட்டி எழுதி, ஒரு எடம் விட்டு ஜாவா, ரிமோட், இந்தியா இந்த மூணையும் போட்டு தேடு. டூல்ஸ்ல போயி கடந்த ஒரு வாரம்னு வெச்சுக்க. இந்தியாங்கிறதுக்கு பதிலா ஏபிஏசி (ஆசிய-பசிபிக் பகுதி), வேர்ல்ட்வைட், எனிவேர்னு மாத்தி மாத்தி போட்டுப் பாரு, நாலு சாஃப்ட்வேருக்கும் தனித்தனியா பண்ணு. காலைல அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடுறப்ப ஃபோன்லயே அர மணி நேரத்துல பாத்து முடிச்சிடலாம். பத்துல எட்டு ஒதவாது, மீதி ரெண்டுக்கு அப்ளை பண்றவங்க கூட்டம் கம்மியா இருக்கும், அதுதான் நமக்கு வேணும்.

மூணாவது, ஜாவாக்காரனா யோசி. எல்லாரும் கிட்லேப், ஆட்டோமாட்டிக், ஜேப்பியர், பஃபர்னு அதே பேரையே சொல்வாங்க, எல்லாம் உண்மையிலயே முழு ரிமோட் கம்பெனிங்கதான், கிட்லேப் எப்படி வேலை நடக்குதுங்கிற மொத்த கையேட்டையும் பொதுவுல போட்டிருக்கு, பஃபர் சம்பளத்தையே வெளிய போடுது, ரிமோட்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சிக்க அதெல்லாம் படி. ஆனா கிட்லேப் பெரும்பாலும் ரூபி மொழி, ஆட்டோமாட்டிக் வேர்ட்பிரஸ்ங்கிறதால பிஹெச்பி மொழி. உன் கைல இருக்குறது ஜாவா, அதனால பொருளே ஜாவால கட்டியிருக்குற கம்பெனிங்கள பாரு. எலாஸ்டிக்சர்ச்ங்கிற தேடல் சாஃப்ட்வேர் ஜாவா, அத செய்யுற எலாஸ்டிக் ஆரம்பத்துலேர்ந்தே பல நாட்டுல பரவி வேலை பாக்குற கம்பெனி. சிஸ்டம்ங்களுக்கு நடுவுல டேட்டாவ கடத்துற காஃப்கா ஜாவாவும் ஸ்காலாவும், அதுக்குப் பின்னாடி கான்ஃப்ளூயண்ட். பெர்லின்ல கமுண்டான்னு ஒரு கம்பெனி, வேலைங்கள வரிசைப்படி நடத்துற அவங்க வொர்க்ஃப்ளோ இன்ஜின் ஜாவாதான், உன் நேரக் கணக்குக்கும் சரியா உக்காரும். இந்த மாதிரி ஒரு 30 கம்பெனிய ஒரு ஷீட்ல எழுதி வெச்சு வாரம் ஒரு தடவ கேரியர்ஸ் பக்கத்த பாரு, இன்னிக்கி இந்தியாவுக்கு எடம் இல்லன்னாலும் ரெண்டு மாசத்துல தொறக்கலாம். அதுங்க கோட் கிட்ஹப்ல தொறந்து கெடக்கு, வேலைல நீ எப்படியும் காஃப்கா யூஸ் பண்ணுவ, அதுல ஒரு டெஸ்ட் சொதப்புறத சரி பண்ணி ஒரு பேட்ச் (திருத்தம்) அனுப்பி அது மெர்ஜ் ஆகி அவங்க கோட்ல சேந்துச்சுன்னா ரெஸ்யூம்ல அந்த ஒரு வரிக்கு இருக்குற மதிப்பே தனி. கம்பெனி பட்டியல் எங்க கெடைக்கும்னா, ரிமோட்டா ஆள் எடுக்குற டெக் கம்பெனிங்கள தொகுத்து கிட்ஹப்ல ரிமோட்இன்டெக்னு ஒரு ரெப்போ (ஃபைல் தொகுப்பு) இருக்கு, ஒவ்வொரு கம்பெனிக்கும் எந்தப் பகுதிலேர்ந்து எடுப்பாங்கன்னு போட்டிருக்கும், அதுலேர்ந்து ஆரம்பி.

கேனானிக்கல் பத்தி தனியா ஒரு வார்த்த, உபுண்டுங்கிற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்த செய்யுறவங்க, உலகம் பூரா ஆள் எடுப்பாங்க, ஆனா தேர்வு முறை ரொம்ப நீளம், பக்கம் பக்கமா எழுதச் சொல்வாங்க, பள்ளிக்கூட மார்க் வரைக்கும் கேப்பாங்க. நேரம் கம்மியா இருக்குற உனக்கு அத கடைசில வெச்சுக்கன்னுதான் சொல்வேன். ஆட்டோமாட்டிக் பேச்சு கெளம்புனதால அதயும் சொல்லிடறேன், அவங்க நேர்காணல் எழுத்துலயே நடக்கும், கடைசில காசு குடுத்து ஒரு சோதனை ப்ராஜெக்ட் தருவாங்க, இருக்குற வேலைய விடாமலே ராத்திரில செய்யலாம். கேமரா முன்னாடி தயங்குறவங்களுக்கு இது ரொம்ப நல்ல முறை.

ஜாப் போர்டுங்கள சும்மா விட முடியாது, ஆனா அதுல ரொம்ப நேரம் போகக் கூடாது. வி வொர்க் ரிமோட்லி, பேஸ்கேம்ப் கம்பெனிக்காரங்க ஆரம்பிச்சது, அதுல எனிவேர் இன் தி வேர்ல்ட்னு ஒரு குறி போட்டிருப்பாங்க, அத மட்டும் பாரு. ரிமோட் ஓகே, பீட்டர் லெவல்ஸ்னு ஒருத்தர் தனியாளா கட்டினது, அதுலயும் வேர்ல்ட்வைட் ஃபில்டர் உண்டு. ஹிமாலயாஸ்னு ஒரு சைட்டுல இந்தியாலேர்ந்து அப்ளை பண்ணக்கூடிய வேலைங்கள மட்டும் பிரிச்சுப் பாக்கலாம், நமக்கு அதுதான் அதிகமா ஒதவும். ரிமோட்டிவ், வொர்க்கிங் நோமேட்ஸ் ரெண்டுக்கும் மெயில் அலர்ட் போட்டு வெச்சா போதும். ஃப்ளெக்ஸ்ஜாப்ஸ் காசு கட்டி சேர்றது, பெரும்பாலும் அமெரிக்காவுல இருக்குறவங்களுக்கு, உனக்கு வேணாம். லிங்க்ட்இன்ல அப்ளை பண்ணியே தீரணும்னா கடந்த 24 மணி நேரம்ங்கிற ஃபில்டர் போட்டு, ஈஸி அப்ளை பட்டனத் தொடாம கம்பெனி பக்கத்துக்குப் போயி அப்ளை பண்ணு, அப்புறம் அந்த டீம் மேனேஜருக்கு ரெண்டு வரி எழுது. நவ்க்ரில ரிமோட்னு போட்டதுல பாதி உள்ள போனா ஹைப்ரிட், அதாவது சில நாள் ஆபீஸ் வரணும், தெரிஞ்சதுதானே. இந்திய ஸ்டார்ட்டப்புங்களுக்கு இன்ஸ்டாஹையர், கட்ஷார்ட் ரெண்டும் பரவால்ல.

டாப்டல், ஆர்க், டூரிங் மாதிரி கம்பெனிக்கும் டெவலப்பருக்கும் நடுவுல நிக்குற பிளாட்ஃபார்ம்ங்க வேற வகை. டாப்டல்ல மொதல்ல பேச்சு, அப்புறம் நேரம் வெச்ச அல்காரிதம் டெஸ்ட், நேரடி கோடிங், கடைசில ஒரு டெஸ்ட் ப்ராஜெக்ட்னு தாண்டணும், மூணு சதவீதம் பேரத்தான் எடுப்போம்னு அவங்களே விளம்பரம் பண்றாங்க. உள்ள போயிட்டா வேலை வரும், ஆனா க்ளையண்ட் நிறுத்துனா அடுத்தது கெடைக்கிற வரைக்கும் வருமானம் கெடையாது. அப்வொர்க்ங்கிற ஃப்ரீலான்ஸ் சைட்ல மணிக்கணக்கு கான்ட்ராக்ட் எடுத்தா உன் ஸ்க்ரீன படம் புடிக்கிற டிராக்கர் ஓடிட்டே இருக்கும், ஆஸ்பத்திரிலேர்ந்து நடுவுல ஒரு கால் வந்தா எந்திரிச்சு போகணும்ங்கிற நெலமைல அந்த நெருக்கடி வேணாம், ஃபிக்ஸட் விலை வேலையா எடுத்தா சரி.

இப்ப சொல்றத கவனமா படி. டேக் ஹோம் டெஸ்ட், அதாவது வீட்லேர்ந்தே செய்யுற தேர்வுன்னு ஒரு ரெப்போ அனுப்பி ரன் பண்ணிப் பாருங்கன்னு சொல்றதுல ஒரு பெரிய மோசடி ஓடுது. வட கொரியாவோட தொடர்புள்ள ஹேக்கர்ங்க ரெக்ரூட்டர் மாதிரி பேசி, கோட்லயும் பேக்கேஜ்லயும் மால்வேர (திருட்டு சாஃப்ட்வேர) ஒளிச்சு வெச்சு, டெவலப்பர்ங்களோட பாஸ்வேர்டு, கிரிப்டோ வாலெட் எல்லாத்தையும் எடுக்குறாங்க. பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸ்ங்கிற சைபர் பாதுகாப்பு கம்பெனியோட யூனிட் 42 ஆராய்ச்சிக் குழு ஆளுங்க 2023ல இத வெளில கொண்டு வந்தாங்க, இன்னும் நிக்கல. ஆபீஸ் லேப்டாப்ல அந்த கோட ஓட்டிட்டா உன் வேலையும் போயிடும். அதனால தெரியாதவங்க குடுக்குற கோட எப்பவும் கம்ப்யூட்டருக்குள்ள தனியா ஓடுற, தூக்கிப் போடக்கூடிய விர்ச்சுவல் மெஷின்ல, இல்ல கிளவுட்ல ஒரு தற்காலிக பெட்டில மட்டும் ஓட்டு. லேப்டாப் அனுப்புறோம், டெபாசிட் கட்டுங்கன்னு கேக்குறவங்க, டெலிகிராம்ல மட்டுமே பேசுறவங்க, எல்லாமே திருட்டு. காசு போயிடுச்சுன்னா ஒடனே 1930ங்கிற சைபர் குற்ற ஹெல்ப்லைனுக்கு அடி, தாமதிச்சா திரும்ப வராது. இதே வட கொரியா ஆளுங்க பொய்ப் பேர்ல ரிமோட் வேலைல சேந்தும் புடிபட்டிருக்காங்க, அதனால நேர்மையான கம்பெனிங்களும் இப்ப கேமரா போடு, அடையாள அட்டை காட்டுன்னு கேப்பாங்க, அதுக்கு கோவப்படாத. ஆனா ஆஃபர் கைக்கு வரதுக்கு முன்னாடி ஆதார் காப்பி, பேங்க் விவரம் எதுவும் குடுக்காத.

ஆஃபர் வந்தப்புறம் நீ கேக்க வேண்டியது சம்பளத்த விட முக்கியமான ஒண்ணு, அப்பாவோட இன்சூரன்ஸ். இப்ப உன் கம்பெனி குரூப் பாலிசில அப்பா இருக்காருன்னு நெனைக்கிறேன். நெறைய குரூப் பாலிசில ஏற்கனவே இருக்குற நோய்க்கும் மொத நாள்லேர்ந்தே காப்பு உண்டு, தனியா புதுசா எடுத்தா காத்திருப்பு காலம் 3 வருஷம் வரைக்கும் இருக்கலாம், டயாலிசிஸ்ல இருக்குறவருக்கு புது பாலிசி குடுக்கறதே கஷ்டம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய், நீ அதுல வர மாட்ட. அதனால வேலைய விடறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட, அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாத்திக்க முடியுமான்னு எழுத்துல கேளு. புது கம்பெனி டீல் மாதிரி சேவை வழியா எடுத்தா குரூப் இன்சூரன்ஸ்ல பெத்தவங்கள சேக்கலாமான்னு கேளு, அந்த வழில பிஎஃப், பேஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் வரும், நாளைக்கு லோன் வாங்கவும் சுலபம். கான்ட்ராக்டர்னா இதெல்லாம் கெடையாது, கைக்கு வர்ற தொக அதிகமா தெரியும், அதுலேர்ந்து நீயே இன்சூரன்ஸ், லீவு, வேலை இல்லாத மாசம் எல்லாத்துக்கும் எடுத்து வெக்கணும். வரில வசதி உண்டு, வருஷ வரவு 75 லட்சத்துக்குள்ள இருந்து ரொக்கமா வாங்குனது 5 சதவீதத்த தாண்டலன்னா பாதிய வருமானமா காட்டலாம்ங்கிற முறை இருக்கு, 20 லட்சம் தாண்டுனா ஜிஎஸ்டி பதிவு பண்ணணும், வெளிநாட்டுக்கு செய்யுற சேவைங்கிறதால எல்யூடிங்கிற உறுதிப் பத்திரம் போட்டா ஜிஎஸ்டி கட்டாம பில் அனுப்பலாம், ஒரு நல்ல ஆடிட்டர இப்பவே புடிச்சு வை. பழைய வேலைல இருந்துகிட்டே ரகசியமா ரெண்டாவது வேலை மட்டும் பாக்காத, விப்ரோ 2022ல அப்படி பாத்த 300 பேர வெளிய அனுப்புனது உனக்கே தெரியும்.

கரண்டும் நெட்டும் கேப்பாங்க, டெல்டாவுல இருக்குறோம்ங்கிறத மறக்காத. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் வாரக்கணக்குல கரண்ட் இல்ல, டவர் இல்ல, நான் மூணாவது நாள் திருச்சிக்கு போயி லாட்ஜ்ல ரூம் போட்டு பத்து நாள் வேலை பாத்தேன், கெளம்புறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு நெலமைய சொல்லிட்டேன், அவங்க மொத ரெண்டு நாள் லீவு எடுத்துக்க சொன்னாங்க. ரெண்டு வேற வேற கம்பெனி ஃபைபர், ஒரு பெரிய பேட்டரி இன்வெர்ட்டர், மழக் காலத்துக்கு திருச்சில தங்க ஒரு சொந்தக்காரங்க வீடு, இத ஏற்பாடு பண்ணிட்டு நேர்காணல்ல நீயே எடுத்து சொல்லு. ஆனா அப்பாவும் கூட இருக்காரு, டயாலிசிஸ் நிக்கக் கூடாது, அதனால திருச்சில எந்த ஆஸ்பத்திரில அவசரத்துக்கு சேத்துக்குவாங்கன்னு இப்பவே கேட்டு வை.

டயாலிசிஸ் விஷயத்த நேர்காணல்ல சொல்லணுமான்னு யோசிப்ப. எந்த மூணு நாள் எத்தன மணி வரைக்கும் இருக்க மாட்டேன்ங்கிறத ஆஃபர் வந்ததும், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட தெளிவா சொல்லு, அதுக்கு முகம் சுளிக்கிற எடமா இருந்தா சேராம இருக்கறதே நல்லது. உன் ரெஸ்யூம்ல பேர், ஃபோன் நம்பர், கம்பெனி பேர் எல்லாத்தையும் அழிச்சிட்டு கீழ போடு, நான் வர்ற ஞாயித்துக்கெழம உக்காந்து பாத்து வரி வரியா என்ன மாத்தணும்னு எழுதறேன், அடுத்த மாச ஹூ இஸ் ஹயரிங்குக்கு முன்னாடி தயார் பண்ணிடலாம்.